தண்ணீர் எந்த மணிக்குப் போக வேண்டும்?



இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஓர் ஆற்றுக்கும் ஒரு மீனுக்கும் கொடுத்திருக்கிறேன். ஆறு கொலம்பியா. கனடாவின் மலைகளில் பிறந்து, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைக் கடந்து, ஆரிகன் எல்லையை ஒட்டி, மொத்தம் 2,000 கிலோமீட்டர் ஓடிப் பசிபிக் கடலில் சேர்கிறது. மீன் சால்மன். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிட்டுச் சாகிற மீன். அணையும் மீனும் என்று பேச்செடுத்தாலே இரண்டில் ஒன்று தோற்றாக வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த முடிவைப் பொய்யாக்கிய ஓர் இடம் கொலம்பியாவில் இருக்கிறது. அங்கே என்ன செய்தார்கள், அது ஏன் இத்தனை ஆண்டுகள் நின்றது என்பதை உங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று வெகுநாளாக எண்ணம்.

ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிற்பாதியிலும் நவம்பரிலும், மின்தேவை குறைந்திருக்கும் வாரக் கடைசியில், விடியற்காலையில், பிரீஸ்ட் ராபிட்ஸ் என்ற அணையிலிருந்து வரும் தண்ணீரை விநாடிக்குச் சுமார் 50,000 கன அடிக்குக் குறைக்கிறார்கள். குறுவைக்கு மேட்டூரில் 10,000 கன அடி திறந்தாலே நம் செய்தித்தாள்களில் முதல் பக்கத்தில் படம் வருகிறது. அங்கே 50,000 என்பது குறைத்த கணக்கு. அணைக்குக் கீழே சில கிலோமீட்டரில் வெர்னிட்டா என்ற இடத்தில், நீர் இறங்கியதும் ஒரு பெரிய கூழாங்கல் திட்டு வெளியே தெரியும். அணையை நடத்தும் மின்வாரியத்தின் மீன் ஆய்வாளர்களும் மாநில மீன்வளத் துறைக்காரர்களும் சேர்ந்து அந்தக் கல்மேட்டில் கண்ணைத் தரையில் ஊன்றி நடப்பார்கள். பாசி படிந்து கறுத்த கற்களுக்கு நடுவில், புரட்டிப் போட்டதுபோல் வெளுத்த கற்கள் சில அடி அகலத்துக்குக் கிடந்தால், அது சால்மனின் முட்டைக் குழி. சினூக் வகைச் சால்மனில் பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்தடித்துக் கற்களைப் பெயர்த்துக் குழி பறிக்கிறது, ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது, பக்கத்தில் வரும் ஆண் மீன் விந்தைப் பாய்ச்சியதும், மேற்புறக் கற்களை அடித்துத் தள்ளி மூடிவிடுகிறது. பிறகு சில நாட்களில் இரண்டும் செத்துப்போகின்றன. ஆய்வாளர்கள் ஒவ்வொரு குழியும் எந்த உயரத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். எத்தனை கன அடி தண்ணீர் போனால் இந்தக் குழி நனையும், எத்தனை கன அடிக்குக் கீழே போனால் காயும் என்பதுதான் அந்தக் குறிப்பின் பொருள்.

நீர்மின் நிலையத்தின் தினப்படி வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் இது ஏன் முக்கியம் என்பது புரியும். மின்சாரத்தைப் பெரிய அளவில் சேமித்து வைப்பது கடினம், தண்ணீரைச் சேமிக்கலாம். அதனால், ஊர் விழித்து அடுப்பும் ஹீட்டரும் ஆலையும் ஓடுகிற நேரத்தில் டர்பைன் வழியே நிறைய நீரை விடுவார்கள். ஊர் தூங்கும்போது குறைப்பார்கள். அணைக்குக் கீழே இருக்கும் ஆறு, மழைக்கும் பனிக்கும் ஏற்ப அல்லாமல், மின்தேவைக்கு ஏற்ப ஒரே நாளில் பல அடி ஏறி இறங்கும். வெர்னிட்டாவுக்கு வரும் சினூக் பெரும்பாலும் பகலில்தான் குழி பறிக்கிறது. பகலில் ஆறு உயர்ந்திருந்தால் அது திட்டின் உச்சியில் போய் முட்டையிடும். இரவில் தண்ணீர் வடிந்ததும் குழி வெட்டவெளியில் நிற்கும். பனிக்காலத்தில் அந்த முட்டைகளின் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பிரீஸ்ட் ராபிட்ஸ் அணையின் உரிமத்தில் குறைந்தபட்சம் 36,000 கன அடி விட வேண்டும் என்று இருந்தது. உச்சியில் இட்ட முட்டைகளுக்கு அது போதவில்லை.

பல ஆண்டு ஆய்வுக்கும் வழக்காடலுக்கும் பிறகு 1988இல் வெர்னிட்டா பார் ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் மையக் கருத்து எளிமையானது. முட்டையிடும் வாரங்களில் அணை தன் வழக்கத்தைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளும்: பகலில் நீரைக் குறைக்கும், இரவில் கூட்டும். பகலில் ஆறு தாழ்ந்திருப்பதால் மீன்கள் திட்டின் கீழ்ப்பகுதியிலேயே குழி பறிக்கும். அப்புறம் அந்தக் குழிகளைப் பனிக்காலம் முழுக்க நனைத்து வைக்கக் குறைந்த நீரே போதும். மின்வாரியத்துக்கும் அது லாபம். மேட்டில் குழி இருந்தால் வசந்தகாலம் வரை அதிக நீரை விட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். குழி எண்ணும் ஆட்கள் கொடுக்கும் உயரக் கணக்கை வைத்து அந்தப் பருவத்துக்கான காவல் மட்டம் நிர்ணயமாகிறது. ஆண்டுக்கு ஆண்டு அது பெரும்பாலும் 50,000 முதல் 70,000 கன அடிக்குள் ஏதோ ஓர் எண்ணாக இருக்கும். அந்த எண்ணுக்குக் கீழே ஆற்றை இறக்கக் கூடாது.

எத்தனை நாள் இறக்கக் கூடாது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் கணக்குதான் என்னை மிகவும் ஈர்த்தது. நாட்காட்டியைப் பார்த்து முடிவுசெய்வதில்லை. ஒவ்வொரு நாளும் ஆற்று நீரின் சராசரி வெப்பநிலையைச் செல்சியசில் எடுத்து, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போகிறார்கள். தண்ணீர் 10 டிகிரி இருந்த நாளுக்குப் பத்து. பனி கடுமையாகி 4 டிகிரிக்கு இறங்கிய நாளுக்கு நான்கு. கூட்டல் 500ஐ நெருங்கும்போது முட்டை பொரிகிறது. 1,000 ஆகும்போது குஞ்சு, வயிற்றில் ஒட்டியிருந்த மஞ்சட்கருவைத் தின்று தீர்த்துவிட்டுக் கற்களின் இடுக்கிலிருந்து மேலே வருகிறது. அணையைப் பிடித்திருக்கும் பொறியாளரின் மேசையில், மெகாவாட் கணக்குக்குப் பக்கத்தில், கல்லுக்கடியில் இருக்கும் முட்டையின் வயதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

குஞ்சு வெளியே வந்த பிறகு ஆபத்து வேறு மாதிரி. விரல் நீளம்கூட இல்லாத அந்தக் குஞ்சுகள் கரையோரத்து ஆழமில்லாத நீரில்தான் இரை தேடும். இரவோடு இரவாக நீர் இறங்கினால் கரைப் பள்ளங்களில் மாட்டிக்கொள்ளும். அடுத்த நாள் வெயிலில் பள்ளம் சூடாகும், பறவைகள் வரும். முதல் ஒப்பந்தம் முட்டையைக் காத்ததே தவிர, குஞ்சைக் காக்கவில்லை. அதைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்து 2004இல், வெர்னிட்டாவை உள்ளடக்கிய ஆற்றுப் பகுதியின் பெயரில், ஹான்ஃபோர்டு ரீச் சினூக் பாதுகாப்பு ஒப்பந்தம் என்று விரிவாக்கினார்கள். வசந்தகாலத்தில் ஆறு எவ்வளவு ஓடுகிறதோ அதற்கேற்ப ஒரு நாளின் ஏற்ற இறக்கத்துக்கு வரம்பு வைத்தார்கள். ஆறு குறைவாக ஓடும் வாரங்களில் ஒரு நாளில் 20,000 கன அடிக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. ஆறு பெருக்கெடுக்கும்போது வரம்பு தளர்கிறது.

சொல்வது எளிது. ஆனால் பிரீஸ்ட் ராபிட்ஸ் தனியாக இதைச் செய்ய முடியாது. அதன் நீர்த்தேக்கம் சிறியது; மேலிருந்து என்ன வருகிறதோ அதைத்தான் அது கீழே விட முடியும். அதற்கு மேலே அமெரிக்க எல்லைக்குள் வரிசையாக ஆறு அணைகள். உச்சியில் இருக்கும் கிராண்ட் கூலி மத்திய அரசின் பாசனத் துறையுடையது. அடுத்த சீஃப் ஜோசஃப் ராணுவப் பொறியாளர் படையுடையது. வெல்ஸ், டக்ளஸ் மாவட்ட மின்வாரியத்துடையது. ராக்கி ரீச், ராக் ஐலண்டு இரண்டும் செலான் மாவட்ட மின்வாரியத்துடையவை. வானபமும் பிரீஸ்ட் ராபிட்சும் கிராண்ட் மாவட்ட மின்வாரியத்துடையவை. மத்திய அணைகளின் மின்சாரத்தை விற்பதோ பானவில் மின் நிர்வாகம் என்ற இன்னொரு அமைப்பு. ஏழு அணைகளுக்கு ஐந்து சொந்தக்காரர்கள். கிராண்ட் கூலியில் காலையில் திறக்கும் நீர் வெர்னிட்டாவின் குழிக்கு வந்து சேரும்வரை நடுவில் உள்ள எல்லோரும் அந்தக் குழியை நினைவில் வைத்திருக்க வேண்டும். மின் உற்பத்திக்காக இந்த ஏழு அணைகளையும் மணிக்கு மணி ஒன்றாக இயக்கும் ஏற்பாடு 1970களிலேயே தொடங்கியிருந்தது. மீனுக்கான ஒப்பந்தம் அந்தக் கட்டமைப்பின் மேல்தான் ஏறி உட்கார்ந்தது. தன் அணையில் மீனுக்குத் தொல்லை இல்லை என்றாலும், கீழே உள்ள இன்னொருவர் அணைக்குக் கீழே இருக்கும் கல்மேட்டுக்காகத் தன் லாபத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க மேலே உள்ளவர்கள் ஒப்புக்கொண்டார்கள். கூட்டு முயற்சி என்று நாம் எல்லாவற்றுக்கும் சொல்கிறோம். இதற்கு அந்தப் பெயர் பொருந்தும்.

இந்த உறவு நெருக்கடியிலும் தாங்கியது. 2014 பிப்ரவரி 27 அன்று வானபம் அணையின் மதகுத் தூண் ஒன்றில் நீருக்கடியில் 65 அடி நீளத்துக்கு, இரண்டு அங்குல அகலத்தில் விரிசல் கண்டுபிடிக்கப்பட்டது. அணையின் பளுவைக் குறைக்க நீர்த்தேக்கத்தை 26 அடி இறக்கினார்கள். மீன்கள் ஏறிப் போகும் மீன் ஏணியின் மேல்வாசல் தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் நின்றுவிட்டது. மேலே உள்ள ராக் ஐலண்டு அணையில் நிலைமை நேர்மாறு. கீழே தண்ணீர் இறங்கிவிட்டதால் அங்கே ஏணியின் கீழ்வாசல் மீனுக்கு எட்டவில்லை. ஒருவர் அணையில் விரிசல், அடுத்தவர் அணையில் பாதிப்பு. வசந்தகாலச் சால்மன் வந்து சேர இருந்தது சில வாரங்களே. வானபத்தில் ஏணியின் மேல்வாசலுக்கு நீரை இறைத்து, அங்கே வந்து சேரும் மீன்கள் ஒரு சறுக்குப் பாதை வழியே தாழ்ந்த நீர்த்தேக்கத்தில் இறங்கும்படி செய்தார்கள். ராக் ஐலண்டில் ஏணியைக் கீழே நீட்டினார்கள். அந்த ஆண்டும் மீன்கள் மேலே போயின.

பலன் என்ன? 2013இல், ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கும் பானவில் அணையில், மீன் ஏணியின் கண்ணாடிச் சன்னல் வழியே எண்ணப்பட்ட இலையுதிர்காலச் சினூக் மீன்கள் ஒன்பது லட்சத்தைத் தாண்டின. அந்த அணை 1938இல் மீன் எண்ணத் தொடங்கியதிலிருந்து அதுவரை கண்டிராத கூட்டம். அதில் பெரும்பங்கு ஹான்ஃபோர்டுப் பகுதிக்குப் போகிற மீன்கள். பெருமையை முழுதும் ஒப்பந்தத்துக்குக் கொடுத்துவிட முடியாது. அந்த ஆண்டுகளில் கடலில் இரை நன்றாக இருந்தது. குஞ்சு பொரிப்பகங்களும் பங்களித்தன. ஆனால் கடல் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் கல்லுக்கடியில் காய்ந்துபோன முட்டையிலிருந்து மீன் வராது. அமெரிக்காவின் அழிந்துவரும் உயிரினச் சட்டத்தின் பட்டியலில் கொலம்பியா படுகையின் பல சால்மன் இனங்கள் இருக்கின்றன. ஹான்ஃபோர்டின் சினூக் இல்லை. அழிவின் விளிம்புக்கு வந்த பிறகு காப்பாற்ற ஓடாமல், நன்றாக இருக்கும்போதே காத்த அரிய உதாரணம் அது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஹான்ஃபோர்டில் சால்மன் பிழைத்ததற்கு முதல் காரணம், சுமார் 80 கிலோமீட்டர் நீளத்துக்கு அங்கே அணை இல்லை என்பதுதான். 1943இல் அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் தயாரிக்க அந்தக் கரையை அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டு ஊர்களைக் காலி செய்தது. வானபம் பழங்குடி மக்களும் தங்கள் மீன்பிடிக் கரைகளை இழந்தார்கள். பின்னால் அங்கே ஓர் அணை கட்டும் திட்டம் எழுந்து, கைவிடப்பட்டது. நல்ல ஒப்பந்தம் இருந்தால் எந்த அணையோடும் சால்மன் வாழ்ந்துவிடும் என்று இதிலிருந்து யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. கிராண்ட் கூலி அணை மீன் ஏணியே இல்லாமல் கட்டப்பட்டது. அதன் நீர்த்தேக்கம் கெட்டில் அருவியை மூழ்கடிக்கும் முன், 1940 ஜூனில், பழங்குடி மக்கள் அங்கே கூடி அருவிக்கும் மீனுக்கும் விடைகொடுத்தார்கள். அந்தக் கூடுகைக்குக் கண்ணீர்ச் சடங்கு என்றே பெயர். அணைகளுக்கு முன் ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேல் சால்மன் கொலம்பியாவுக்குத் திரும்பியது என்பது அறிஞர்களின் மதிப்பீடு. நடந்த இழப்பை எந்த மணிக் கணக்கும் ஈடுசெய்யாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்வாரியங்களும் மீன்வளத் துறைகளும் ஒருநாள் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்து பேசி இதைச் செய்துவிடவில்லை. பேச வைத்தவர்கள் இருந்தார்கள். யாக்கமா, உமட்டில்லா, வார்ம் ஸ்பிரிங்ஸ், நெஸ் பெர்ஸ் பழங்குடிகள் 1855இல் நிலத்தை விட்டுக்கொடுத்துச் செய்த உடன்படிக்கைகளில், வழக்கமாக மீன்பிடிக்கும் இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். 1957இல் கொலம்பியாவில் எழுந்த டாலஸ் அணையின் நீர் அவர்களின் பெரும் மீன்பிடித் தலமான செலைலோ அருவியைச் சில மணி நேரத்தில் மூடியது. அவர்கள் ஓயவில்லை. மீனில் நியாயமான பங்கு அவர்களுக்கு உண்டு என்று 1969இல் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆற்றில் மீனே இல்லாவிட்டால் மீன்பிடிக்கும் உரிமைக்கு என்ன பொருள் என்று அவர்கள் கேட்டபோது பதில் சொல்ல வேண்டிய நிலை அணைக்காரர்களுக்கு வந்தது. மறுபக்கம், மாவட்ட மின்வாரியங்களின் அணைகளுக்கு மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் வேண்டும். 2008இல் பிரீஸ்ட் ராபிட்ஸ் திட்டத்துக்கு 44 ஆண்டுக்குப் புது உரிமம் கிடைத்தபோது மீனைக் காக்கும் கடமைகளும் அதோடு சேர்ந்தே வந்தன. மின்வாரியத்தின் தலைவர் மாறலாம், வாஷிங்டன் நகரில் ஆட்சி மாறலாம். உரிமத்தில் எழுதியதை மீற முடியாது.

உரிமம் தரும் இந்தப் பிடிப்பின் அருமை கொலம்பியாவின் கிளையாறான ஸ்னேக்கைப் பார்த்தால் தெரியும். அதன் கீழ்ப்பகுதியில் நான்கு மத்திய அரசு அணைகள். ஐடஹோ மலைகளில் இருக்கும் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை வகைச் சால்மன், கொலம்பியாவிலும் ஸ்னேக்கிலுமாக எட்டு அணைகளை ஏறிக் கடந்து சுமார் 1,450 கிலோமீட்டர் போக வேண்டும். 1992இல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு சாக்கை. அங்கும் நல்ல யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. கடலுக்குப் போகும் குஞ்சுகள் டர்பைனுக்குள் சிக்காமல் மதகு வழியே நீரோடு விழட்டும் என்று வசந்தகாலத்தில் மதகைத் திறப்பார்கள். அந்த நீர் மின்சாரமாகாது, அதனால் சண்டை. 2018 டிசம்பரில் ஆரிகன், வாஷிங்டன் மாநிலங்களும் நெஸ் பெர்ஸ் மக்களும் மத்திய அமைப்புகளும் சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். கலிஃபோர்னியாவின் சூரிய மின்சாரம் பெருகியதால் பகல் நேரத்தில் மின்விலை விழுந்துவிடுகிறது. ஆகவே விலை குறைந்த 16 மணி நேரம் மதகில் அதிக நீர்; விலை ஏறும் 8 மணி நேரம் டர்பைனுக்கு முன்னுரிமை. வெர்னிட்டாவில் கண்ட அதே தெளிவு: எவ்வளவு தண்ணீர் என்று மட்டும் சண்டை போடாமல், எந்த மணிக்கு என்று கேட்டது.

2023 டிசம்பரில் மத்திய அரசு நான்கு பழங்குடி அரசுகளோடும் இரண்டு மாநிலங்களோடும் இன்னும் பெரிய உடன்பாடு செய்தது. இந்த அணைகளையும் மீனையும் பற்றி நடந்துவந்த பல்லாண்டு வழக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. 2025 ஜூனில் புதிய அதிபரின் ஒரு குறிப்பாணை அந்த உடன்பாட்டிலிருந்து மத்திய அரசை விலக்கியது. வழக்கு மீண்டும் நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது. சம்பந்தப்பட்டவர்கள் உழைப்பில் குறை வைத்ததாக நான் நினைக்கவில்லை. அவர்கள் கட்டிய வீட்டுக்கு உரிமம் போன்ற அஸ்திவாரம் இல்லை, அவ்வளவுதான்.

மின்சாரத்தின் மீதான பசி குறையப் போவதும் இல்லை. கிராண்ட் மாவட்டத்திலேயே குவின்சி என்ற சிற்றூரில், அந்த அணைகளின் மலிவான மின்சாரத்தை நம்பி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் பிரம்மாண்டமான தரவு மையங்களைக் கட்டியிருக்கின்றன. சியாட்டில் பக்கம் மென்பொருள் வேலை பார்க்கும் நம் வாசகர்கள் பலர் எழுதும் நிரல்கள் ஓடுவது இப்படிப்பட்ட கட்டடங்களில்தான். தரவு மையம் பகலும் தூங்காது, இரவும் தூங்காது. அணைக்கு இதுவரை இருந்த ஓய்வு நேரமும் சுருங்கும். மீனுக்கு ஒதுக்கிய மணிகளைக் காப்பது இனிமேல்தான் இன்னும் கடினமாகும்.

என் தீர்ப்பை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றில் இறங்கி நடந்து எண்ணும் ஆட்கள், எல்லோரும் ஒப்புக்கொண்ட ஓர் எண், அதை மீறினால் கேள்வி கேட்கும் சட்டம் ஆகிய இந்த மூன்றும் இல்லாத எந்தக் கூட்டு முயற்சியையும் நான் நம்பமாட்டேன். இதில் ஒன்று குறைந்தாலும் மேடையில் கைகுலுக்கும் படம்தான் மிஞ்சும்.

வாஷிங்டன், ஆரிகன் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். செப்டம்பரில் ஒரு விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பானவில் அணைக்குப் போய், மீன் ஏணியின் கண்ணாடிச் சன்னல் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள். பார்த்ததை எங்களுக்கு எழுதுங்கள்.

இங்கே, காவிரியில் செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைக் கதவணைகளுக்குக் கீழே பரிசலில் மீன்பிடிக்கும் குடும்பங்களிலிருந்து யாராவது இதைப் படித்தால், நீங்களும் எழுதுங்கள். உங்கள் கதவணையில் எந்த மணிக்குத் தண்ணீர் ஏறுகிறது, எந்த மணிக்கு இறங்குகிறது, அதனால் வலையில் என்ன மாறுகிறது என்பதை உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் இல்லை. ஓர் அஞ்சலட்டை போதும். எழுத்துப் பிழை பற்றிக் கவலை வேண்டாம். வந்து சேரும் கடிதங்களுக்கு இதழில் இடம் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்